இடைக்கால ஜெர்மன் காப்பியங்களில் பெண் கேட்டலும் திருமணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் காப்பியங்கள் எவை?

முதன்மையாக மூன்று. முதலாவது ‘நிபெலுங்கென்லீட்’. 1200ஆம் ஆண்டை ஒட்டி, டான்யூப் கரையிலுள்ள பாசாவ் நகரின் வட்டாரத்தில், தன் பெயரைச் சொல்லாத ஒரு புலவர் இதை எழுத்தில் வடித்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. முப்பத்தொன்பது காதைகளும் ஏறத்தாழ 2,400 நான்கடிச் செய்யுள்களும் கொண்டது. இரண்டாவது ‘குத்ரூன்’. இது 13ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டிருந்தாலும், பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காக ஹான்ஸ் ரீட் என்பவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைப்பட எழுதிய ஒரே ஒரு பெருந்தொகுப்பில் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று வியன்னாவில் இருக்கிறது. மூன்றாவது, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ரோதர் அரசன்’. வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் பாடிய ‘பார்ட்சிஃபால்’, ஹார்ட்மான் ஃபொன் ஆவே பாடிய ‘ஏரெக்’ ஆகியவை ஆர்தர் மன்னன் கதைகளின் வழிவந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க அவையும் ஓரிடத்தில் வரும்.

இக்கதைகளில் பல ஏன் பெண் கேட்டுப் போவதில் தொடங்குகின்றன?

அரசனின் திருமணம் அவனுடைய சொந்த விவகாரம் அன்று என்பதால். வாரிசு இல்லாமல் அரசன் இறந்தால் நாடு சிதறும். அப்போது நிலமும் பதவியும் இழக்கப்போகிறவர்கள் அவனைச் சூழ்ந்திருக்கும் பிரபுக்கள். ஆகவே காப்பியத்தின் தொடக்கத்தில் அவர்கள் கூடி, “அரசே, மணம் செய்துகொள்ளுங்கள்” என்கிறார்கள். குடிப்பிறப்பில் இணையான பெண் யார் என்று ஆராயும்போது, அவள் எப்போதும் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறாள். அவளுடைய தந்தையோ மகளைப் பிரிய மனமில்லாமல், பெண் கேட்டு வரும் தூதர்களைச் சிறையில் அடைப்பவன் அல்லது தலையை வாங்குபவன். தூதர்கள் போகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், பிறகு தந்திரம், கப்பல், ஓட்டம், துரத்தல், போர். இந்த வாய்ப்பாட்டை ஜெர்மன் இலக்கிய ஆய்வாளர்கள் ‘ப்ரௌட்வெர்பூங்’ என்பார்கள். மணமகளைக் கேட்டுப் பெறுதல் என்று பொருள்.

கேட்பவர்கள் கதையைத் தெரிந்தே கேட்டார்கள். தூதன் எப்படி உள்ளே நுழைவான், அந்தப் பெண் எந்தக் கணத்தில் தன் தந்தையின் பக்கத்தை விட்டு விலகுவாள் என்பதில்தான் அவர்களுடைய ஆர்வம் இருந்தது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

ரோதரின் செருப்புக் காட்சியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இத்தாலியின் பாரி நகரிலிருந்து ஆளும் ரோதர், கான்ஸ்டான்டிநோபிள் பேரரசன் கான்ஸ்டன்டைனின் மகளைக் கேட்டுப் பன்னிரண்டு தூதர்களை அனுப்புகிறான். அவர்கள் நிலவறையில் தள்ளப்படுகிறார்கள். ரோதர் தானே புறப்பட்டு, தன் பெயரை ‘டீட்ரிக்’ என்று மாற்றிக்கொண்டு, ரோதரால் நாடு கடத்தப்பட்ட அகதி என்று சொல்லி அதே அரண்மனையில் அடைக்கலம் கேட்கிறான். தன்னாலேயே விரட்டப்பட்டவனாக நடிக்கும் அந்தத் துணிச்சலைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

இளவரசிக்கு இந்த அந்நியனைப் பார்க்க ஆசை. அவன் நேரில் வராமல் ஒரு பொற்செருப்பையும் ஒரு வெள்ளிச் செருப்பையும் பரிசாக அனுப்புகிறான். அவள் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, இரண்டும் ஒரே காலுக்கு உரியவை. மற்றொரு காலுக்கான செருப்பைக் கேட்டு ஆள் அனுப்பும்போது அவனே வந்து, அவள் காலடியில் அமர்ந்து, அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துச் செருப்பை மாட்டிவிடுகிறான். அப்படியே பேச்சுக் கொடுத்து, “உங்களைக் கேட்டு வந்தவர்களில் யாரை விரும்புவீர்கள்?” என்கிறான். தேர்ந்தெடுக்கும் உரிமை தனக்கு இருந்தால் ரோதரையே என்று அவள் சொல்கிறாள். “உங்கள் கால்கள் ரோதரின் மடியில்தான் இருக்கின்றன” என்கிறான். அவள் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறாள்.

அடுத்து அவள் செய்வதுதான் அழகு. உடனே மயங்கிவிடாமல், ரோதர் என்பதற்குச் சான்று கேட்கிறாள்: நிலவறையில் கிடக்கும் தூதர்கள் இவனை அடையாளம் காட்டட்டும் என்கிறாள். தந்தையிடம் வாதாடி அவர்களைச் சில நாள்களுக்கு வெளியே கொண்டுவந்து விருந்து வைக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து ரோதர் யாழை மீட்டுகிறான். அவர்கள் புறப்பட்ட நாளில் கப்பல் துறையில் அவன் வாசித்த அதே பண். கையில் பிடித்திருந்ததை எல்லாம் நழுவவிட்டு அவர்கள் அழுகிறார்கள். பெண் கேட்கப்படுவதற்கு முன் கேட்பவன் யாரென்று உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதை இந்தக் காப்பியம் விளையாட்டாகச் சொல்கிறது. ‘நிபெலுங்கென்லீட்’ அதையே கொடுங்கனவாகச் சொல்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பெண்ணின் சம்மதம் உண்மையில் கேட்கப்பட்டதா?

கேட்கப்பட்டது; ஆனால் கடைசியில், எல்லாரும் பார்க்க, ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை கடினமாக இருக்கும் நிலையில் கேட்கப்பட்டது. ‘நிபெலுங்கென்லீட்’ காப்பியத்தில் வோர்ம்ஸ் நகரத்து அரசன் குந்தர் தன் தங்கை கிரீம்ஹில்டை அழைத்து, ஒரு வீரனுக்கு அவளைத் தருவதாகத் தான் சத்தியம் செய்திருப்பதாகவும், அந்தச் சத்தியத்தை அவள்தான் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்கிறான். அண்ணன் சொல்வதைச் செய்வேன் என்கிறாள் அவள். பிறகு உறவினரும் வீரரும் ஒரு வட்டமாக நிற்க, மணமக்கள் இருவரும் அதன் நடுவே நிறுத்தப்படுகிறார்கள். இவனை ஏற்கிறாயா என்று அவளிடம் கேட்கிறார்கள். அவள் வெட்கப்படுகிறாள், ஆனாலும் மறுக்கவில்லை. அந்த வீரன் சீக்ஃப்ரிட்டும் அவளை ஏற்பதாக உறுதி சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அணைத்து முத்தமிடுகிறான். இவ்வளவுதான் மணவினை. பாதிரியார் அந்த வட்டத்துக்குள் இல்லை.

இன்னோர் இடம் இதைவிட நுட்பமானது. பெக்கெலாரெனில் ரூடிகர் என்ற பிரபுவின் மகளைக் குந்தரின் கடைசித் தம்பி கீசெல்ஹருக்கு நிச்சயிக்கிறார்கள். வழக்கம்போல் வட்டம் கூடுகிறது. கேள்வி கேட்கப்படும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அவனை மணக்கும் எண்ணமும் அவளுக்கு இருக்கிறது. பல பெண்களைப் போல அவளும் அந்தக் கேள்விக்குக் கூசினாள் என்று புலவர் சொல்கிறார். ‘ஆம்’ என்று சொல்லும்படி தந்தை ரூடிகர் அறிவுரை தருகிறார். இந்தக் காப்பியம் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூடத் தரவில்லை. ஆயினும் அவள் தயங்கிய கணத்தைப் பதிவுசெய்ய மறக்கவில்லை.

அக்காலச் சட்டம் இதைப் பற்றி என்ன சொன்னது?

இரண்டு மரபுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ஜெர்மானிய வழக்கில் பெண்ணின் மீது ‘முண்ட்’ எனப்படும் காவலுரிமை தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ இருந்தது. திருமணம் என்பது அந்த உரிமையைக் கணவன் கைக்கு மாற்றுவது. திருச்சபையோ வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1140ஆம் ஆண்டளவில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டநூல் மணமக்களின் சம்மதத்தை முன்னிறுத்தியது. 1159 முதல் 1181 வரை திருத்தந்தையாக இருந்த மூன்றாம் அலெக்சாந்தர், ‘இப்போது உன்னை ஏற்கிறேன்’ என்று இருவரும் மனமொப்பிச் சொன்னாலே மணம் செல்லும் என்ற நிலைப்பாட்டை உறுதிப்படுத்தினார். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், திருமணங்கள் முன்கூட்டியே பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. மணம் விலக்கப்பட்ட உறவுமுறையை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது.

காப்பியப் புலவர்கள் சட்ட வல்லுநர்கள் அல்லர். ஆனால் அவர்கள் காட்டும் வட்டத்தில் இரண்டு மரபும் அருகருகே நிற்கின்றன: கொடுப்பவன் அண்ணன், ‘ஆம்’ சொல்ல வேண்டியவள் தங்கை.

சீக்ஃப்ரிட் கிரீம்ஹில்டைப் பார்க்கவே ஓராண்டு காத்திருந்தது ஏன்?

அவள் அழகைப் பற்றிக் கேள்விப்பட்டு மட்டுமே அவன் சாண்டெனிலிருந்து வருகிறான். காணாமலே கொள்ளும் காதல் அக்காலப் பாடல்களில் வழக்கமானது. ‘மின்னே’ எனப்படும் அரசவைக் காதலுக்குத் தொலைவு ஒரு நிபந்தனை. ஆனால் வந்திறங்கியதும் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், குந்தரின் நாட்டைப் போரிட்டு எடுத்துக்கொள்ளப் போவதாக அறைகூவல் விடுகிறான்! பெண் கேட்க வந்தவன் இப்படியா பேசுவது என்று படிப்பவர்கள் இன்றும் திகைக்கிறார்கள். இரண்டு வேறு சீக்ஃப்ரிட்கள், பழைய வீரகதையின் முரடனும் புதிய அரசவைக் காதலனும், இங்கே சரியாகப் பொருந்தாமல் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பிறகு அவன் அடங்கிவிடுகிறான். சாக்சன் அரசனும் டென்மார்க் அரசனும் படையெடுத்து வரும்போது வோர்ம்ஸுக்காகப் போரிட்டு வெல்கிறான். வெற்றிச் செய்தி கொண்டுவந்த தூதனைக் கிரீம்ஹில்ட் தனியே அழைத்து விசாரிக்கிறாள். சீக்ஃப்ரிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டு முகம் சிவந்து, பத்து மார்க் பொன்னும் நல்ல உடைகளும் தருகிறாள். பெந்தெகொஸ்தே விழாவில்தான் இருவரும் நேரில் சந்திக்கிறார்கள். இருண்ட மேகங்களிலிருந்து விடியல் புறப்படுவதுபோல் அவள் வெளியே வருகிறாள் என்கிறார் புலவர். சீக்ஃப்ரிட்டோ தேர்ந்த ஓவியன் தோல்தாளில் வரைந்த உருவம்போல் அசையாமல் நிற்கிறான். முகம் வெளிறுகிறது, சிவக்கிறது. அவள் அவன் கையைப் பற்றுகிறாள். அந்த அனுமதியும் அவளாகத் தந்ததன்று. போரில் உதவியதற்குக் கைம்மாறாகக் குந்தரின் அவை முடிவுசெய்து அவளை அனுப்பியது.

ப்ரூன்ஹில்டின் போட்டிகள் எதற்காக?

ப்ரூன்ஹில்ட் கடலுக்கப்பால் ஈசென்ஸ்டைன் கோட்டையை ஆளும் அரசி. அவளுக்குத் தந்தையோ அண்ணனோ காவலன் இல்லை. எனவே தன்னைக் கொடுக்கும் உரிமையைத் தானே வைத்திருக்கிறாள். அதற்கான விதியையும் தானே இயற்றுகிறாள். ஈட்டி எறிதல், கல் எறிதல், அந்தக் கல்லின் பின்னால் தாவுதல் என மூன்று போட்டிகள். ஒன்றில் தோற்றாலும் வந்தவனுக்குத் தலை போகும். அவளுடைய கேடயத்தை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். ஈட்டிக்கு மூன்று பேர். கல்லுக்குப் பன்னிரண்டு பேர். அதைப் பார்த்ததும், இவள் நரகத்தில் சாத்தானுக்கு மணமகளாக இருக்க வேண்டியவள் என்று குந்தரின் தளபதி ஹாகென் முணுமுணுக்கிறான்.

குந்தரால் இது முடியாது. தங்கையைத் தருவதாக வாக்களித்துச் சீக்ஃப்ரிட்டை உதவிக்கு அழைத்து வந்திருக்கிறான். சீக்ஃப்ரிட் அணிந்தால் உருவம் மறையும், பன்னிரண்டு ஆளின் வலிமையும் கூடும் மாயப்போர்வை ஒன்று வைத்திருக்கிறான். அதை அணிந்து அவன் செயலைச் செய்ய, குந்தர் கை கால்களை மட்டும் அசைத்து நடிக்கிறான். இன்னொரு பொய்யும் சேர்கிறது: சீக்ஃப்ரிட் அரசனே அல்லன், குந்தருக்குக் கட்டுப்பட்ட ஊழியன் என்று அவளை நம்பவைக்கிறார்கள்.

ஆக, உலகிலேயே தன் சம்மதத்துக்குத் தெளிவான நிபந்தனை வைத்திருந்த ஒரே பெண்ணிடம், அந்த நிபந்தனை நிறைவேறாமலே சம்மதம் பறிக்கப்படுகிறது. காப்பியத்தின் அழிவு முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பேன். சீக்ஃப்ரிட்டைக் கொல்லும் ஹாகெனின் ஈட்டி பிறகுதான் வருகிறது.

குந்தர் ஆணியில் தொங்கவிடப்பட்ட கதை உண்மையிலேயே காப்பியத்தில் உண்டா?

உண்டு. வோர்ம்ஸில் ஒரே நாளில் இரண்டு திருமணங்கள் நடக்கின்றன. விருந்தில் கிரீம்ஹில்ட் சீக்ஃப்ரிட்டின் அருகில் அமர்ந்திருப்பதைக் கண்டு ப்ரூன்ஹில்ட் அழுகிறாள். அரசனின் தங்கையை ஏன் ஓர் ஊழியனுக்குக் கொடுத்தாய் என்பது அவள் கேள்வி. குந்தர் நேரான பதில் தரவில்லை. அன்றிரவு, உண்மை தெரியும்வரை கன்னியாகவே இருப்பேன் என்று அவள் சொல்கிறாள். அவன் வலுக்கட்டாயம் செய்ய முயல, அவள் தன் இடைக்கச்சையால் அவன் கையையும் காலையும் சேர்த்துக் கட்டிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறாள். அரசன் விடியும் வரை அங்கேயே தொங்குகிறான்.

சிரிப்புக் காட்சியாகவே இது பெரும்பாலும் நினைவில் நிற்கிறது. ஆனால் அவள் கேட்டது ஒரு கேள்விக்கான விடையை என்பதை மறந்துவிடக் கூடாது. அடுத்த இரவில் விடைக்குப் பதிலாகச் சீக்ஃப்ரிட் வருகிறான். மாயப்போர்வையில் மறைந்து, விளக்கை அணைத்து, இருட்டில் அவளோடு மல்லுக்கட்டி அடக்குகிறான். நகக்கண்களில் இரத்தம் கசிகிறது. அவள் இணங்கியதும் அவன் விலகிவிட, குந்தர் அவன் இடத்துக்கு வருகிறான். அதன்பின் அவளுடைய வலிமை போய்விடுகிறது. விலகும்போது சீக்ஃப்ரிட் அவள் மோதிரத்தையும் கச்சையையும் எடுத்துக்கொண்டான். அது செருக்கினாலோ என்னவோ தெரியவில்லை என்று புலவர் கைவிரிக்கிறார். அவற்றைத் தன் மனைவிக்குக் கொடுத்தது அவன் செய்த பெரும் பிழை.

பேராலய வாசலில் நடந்த சண்டையின் பொருள் என்ன?

ஆண்டுகள் கழித்து இரு அரசிகளும் வோர்ம்ஸில் சந்திக்கிறார்கள். யாருடைய கணவன் உயர்ந்தவன் என்ற பேச்சு முற்றி, பேராலயத்துக்குள் யார் முதலில் நுழைவது என்ற பொதுச் சண்டையாகிறது. ஊழியனின் மனைவி அரசிக்கு முன்னால் போகக் கூடாது என்று ப்ரூன்ஹில்ட் தடுக்கிறாள். அதற்குக் கிரீம்ஹில்ட் சொல்லும் சொல் ‘கெப்ஸெ’, அதாவது வைப்பாட்டி. உன்னை முதலில் தொட்டவன் என் கணவன் என்று சொல்லி உள்ளே போகிறாள். வெளியே வந்ததும் மோதிரத்தையும் கச்சையையும் சான்றாகக் காட்டுகிறாள்.

அந்தச் சொல்லின் கனத்தை உணர வேண்டும். உரிய மனைவிக்கும் வைப்பாட்டிக்கும் இடையே இருந்தது ஒழுக்க வேறுபாடு மட்டுமன்று. மனைவியின் மகன் நாடாள்வான், வைப்பாட்டியின் மகன் ஆளமாட்டான். ஒரு சொல்லால் ப்ரூன்ஹில்டின் திருமணமும் அவள் மகனின் உரிமையும் குந்தரின் மானமும் சேர்ந்து ஆட்டம் காண்கின்றன. சீக்ஃப்ரிட் தான் அப்படிப் பெருமை பேசவில்லை என்று சத்தியம் செய்ய முன்வருகிறான். மணநாளில் போலவே வீரர்கள் மீண்டும் வட்டமாக நிற்கிறார்கள். குந்தர் அவசரமாக அவனை விடுவித்துவிடுகிறான். உண்மை வெளிவந்தால் முதலில் நாணவேண்டியவன் அவன்தானே.

‘காலைப்பரிசு’ என்பது என்ன?

மணநாள் இரவுக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குத் தரும் சொத்து. ஜெர்மன் மொழியில் ‘மோர்கென்காபெ’. பிறந்த வீட்டார் தரும் சீதனத்திலிருந்து இது வேறுபட்டது. கணவன் இறந்துவிட்டால் அவள் தன் காலில் நிற்பதற்கு ஆதாரம் இதுதான்.

சீக்ஃப்ரிட் கொலையுண்ட பிறகு, அவன் வென்று வைத்திருந்த நிபெலுங் புதையலைக் கிரீம்ஹில்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அது அவளுடைய காலைப்பரிசு, அவளுக்கே உரியது என்று காப்பியம் வெளிப்படையாகச் சொல்கிறது. பன்னிரண்டு பார வண்டிகள் நான்கு நாள் இரவும் பகலும் சுமக்கும் அளவு பொன்னும் மணியும். அவள் அதை ஏழைகளுக்கும் வீரர்களுக்கும் வாரி வழங்கத் தொடங்கியதும், படை சேர்த்துவிடுவாளோ என்று அஞ்சிய ஹாகென் அதைப் பறித்து ரைன் ஆற்றில் அமிழ்த்துகிறான். புதையல் என்றதும் மாயமும் சாபமும் நினைவுக்கு வரலாம். இந்தக் காப்பியத்தைப் பொறுத்தவரை அது ஒரு கைம்பெண்ணின் சட்டபூர்வச் சொத்து. அபகரித்தவர்கள் அவளுடைய சொந்தக்காரர்கள்.

தேவாலயச் சடங்குக்கு இடமே இல்லையா?

உண்டு, ஆனால் வரிசை வேறு. வோர்ம்ஸில் வட்டத்தில் சம்மதம், பிறகு விருந்து, பிறகு மணவறை, மறுநாள் காலையில்தான் பேராலயத்தில் திருப்பலி. மணத்தை உண்டாக்குவது வட்டத்தில் சொன்ன சொல். ஆலயம் அதற்கு ஆசி வழங்குகிறது.

கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதை இக்காப்பியங்கள் எப்படிப் பார்க்கின்றன?

குறையாகப் பார்க்கவில்லை. கிரீம்ஹில்ட் பதின்மூன்று ஆண்டுகள் கைம்மை நோற்ற பிறகு, மனைவியை இழந்த ஹூணர் பேரரசன் எட்செல் பெண் கேட்டுத் தன் பிரபு ரூடிகரை அனுப்புகிறான். அண்ணன்மாருக்கு விருப்பம், ஹாகெனுக்கு மட்டும் இதன் விளைவு தெரிகிறது. அவளோ மறுக்கிறாள். இறந்தவனை மறக்க முடியவில்லை என்பதோடு, கிறித்தவப் பெண் கிறித்தவன் அல்லாதவனை எப்படி மணப்பது என்பதும் அவள் தடை.

ரூடிகர் தனியே அவளைச் சந்தித்து, உங்களுக்கு யார் தீங்கிழைத்தாலும் நானும் என் ஆட்களும் பழிதீர்ப்போம் என்று சத்தியம் செய்கிறார். அந்தக் கணத்தில் அவள் மனம் மாறுகிறது. இம்முறை அவள் முழு அறிவோடு சம்மதிக்கிறாள். ஆனால் கணவனுக்காகச் சம்மதிக்கவில்லை, அந்தச் சத்தியத்துக்காகச் சம்மதிக்கிறாள். திருமணம் பெந்தெகொஸ்தே நாளில் வியன்னாவில் தொடங்கிப் பதினேழு நாள் நடக்கிறது. 1203இல் ஆஸ்திரியக் கோமகன் ஆறாம் லியோபோல்ட், பைசாந்திய இளவரசி தியோடோராவை அதே வியன்னாவில் மணந்தார். அந்த ஆடம்பரத்தின் சாயல் இதில் இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

‘குத்ரூன்’ ஏன் நிபெலுங்கென்லீட்டுக்கு மறுமொழி என்று சொல்லப்படுகிறது?

அதே வாய்ப்பாட்டை எடுத்து, ஒரு பெண்ணின் ‘இல்லை’ என்ற சொல்லைச் சுற்றிக் கட்டியிருப்பதால். குத்ரூனின் தாய் ஹில்டெயின் கதை பழைய பாணிதான். அவள் தந்தை, அயர்லாந்து அரசன் ஹாகென் (வோர்ம்ஸின் ஹாகென் வேறு), தூதர்களைத் தூக்கிலிடுபவன். ஹேட்டல் அரசனின் ஆட்கள் வணிகர் வேடத்தில் வருகிறார்கள். அவர்களில் ஹோரண்ட் பாடினால் பறவைகள் தங்கள் பாட்டை நிறுத்திவிடும். பாட்டில் மயங்கிய ஹில்டெ கப்பலேறுகிறாள். இந்த ஹோரண்ட் கதைக்கு எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட ஒரு வடிவமும் உண்டு. கெய்ரோ நகரத் தொழுகைக்கூடத்தின் பழஞ்சுவடிக் குவியலிலிருந்து கிடைத்து இன்று கேம்பிரிட்ஜில் இருக்கும் 1382ஆம் ஆண்டுச் சுவடி அது.

மகள் குத்ரூனைக் கேட்டு மூவர் வருகிறார்கள். ஹேட்டல் மூவரையும் மறுக்கிறான். நார்மண்டி இளவரசன் ஹார்ட்மூட்டை மறுக்கக் காரணம், அவன் தந்தை ஹில்டெயின் தந்தைக்குக் கீழ்ப்பட்டு நிலம் பெற்றவன் என்பது. ஹெர்விக் மட்டும் படையோடு வந்து கோட்டை வாசலில் போரிடுகிறான். குத்ரூன் சண்டையை நிறுத்தச் செய்து, பெற்றோர் கேட்கும்போது அவனை விரும்புவதாகச் சொல்கிறாள். மணம் ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் ஹார்ட்மூட் அவளைக் கடத்திச் செல்கிறான்; துரத்தி வந்த ஹேட்டல் ஒரு மணல்தீவில் ஹார்ட்மூட்டின் தந்தை லுட்விக்கின் கையால் சாகிறான்.

நார்மண்டியில் அவள் ஹார்ட்மூட்டை மணக்க மறுக்கிறாள். ஒருமுறை ஹார்ட்மூட் பொறுமை இழந்து, இந்த நாடும் கோட்டையும் என்னுடையவை, உன்னைப் பலவந்தமாக அடைந்தால் என்னை யார் தூக்கிலிடுவார் என்று கேட்கிறான். அதற்கு அவள் அஞ்சவில்லை. ஹாகென் அரசனின் பேத்தி ஹார்ட்மூட்டின் நாட்டில் வைப்பாட்டியானாள் என்று மற்ற அரசர்கள் பேசுவார்கள் என்கிறாள். வோர்ம்ஸில் ஆயுதமாக எறியப்பட்ட அதே சொல் இங்கே ஒரு பெண்ணின் கேடயமாகிறது. இருவருக்கும் விருப்பம் இருந்தாலன்றி எந்தப் பெண்ணும் ஓர் ஆணை மணப்பதில்லை என்பது அக்கால வழக்கமாக இருந்தது என்று புலவரும் அவ்விடத்தில் சேர்த்துச் சொல்கிறார். ஹார்ட்மூட் அந்த எல்லையை மீறவில்லை. அவனை முழுத் தீயவனாக்காமல் விட்டது இக்காப்பியத்தின் நுட்பம்.

கொடுமை அவன் தாய் கெர்லிண்டிடமிருந்து வருகிறது. கடற்கரையில் துணி துவைக்கும் வேலை. பனி மூடிய நாளில்கூட வெறுங்காலோடு. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஹெர்விக்கும் அவள் அண்ணன் ஓர்ட்வினும் படகில் அந்தக் கரைக்கு வருகிறார்கள். நனைந்த ஆடையில் நடுங்கும் குத்ரூனையும் அவள் தோழியையும் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நிச்சய மோதிரங்களைக் காட்டியே ஒருவரையொருவர் அறிகிறார்கள். அவளை உடனே கூட்டிச்செல்ல ஓர்ட்வின் சம்மதிக்கவில்லை. போரில் பறிக்கப்பட்டவளைத் திருட்டுத்தனமாக மீட்பது இழிவு என்கிறான். அவர்கள் போனதும் குத்ரூன் துவைக்க வேண்டிய துணிகளைக் கடலில் வீசுகிறாள்: இரண்டு அரசர்கள் முத்தமிட்ட நான் இனி யாருக்கும் துணி துவைக்கமாட்டேன்.

அரசவைக் காதல் கதைகளில் நிலைமை வேறா?

சற்று வேறு. அங்கே கேள்வி பெண்ணை எப்படிப் பெறுவது என்பதன்று. பெற்றபின் எப்படி வாழ்வது என்பது. ஏரெக் மணமானதும் படுக்கையை விட்டு எழாமல் வீரனென்ற பெயரை இழக்கிறான். அதைச் சரிசெய்யவே மீதிக் கதை. ‘பார்ட்சிஃபால்’ காப்பியத்தில் முற்றுகைக்குள்ளான அரசி கொண்ட்விராமுர்ஸ் தானே நள்ளிரவில் நாயகனின் அறைக்கு வந்து அழுது உதவி கேட்கிறாள். அவன் எதிரியை வென்றதும் மணம் நடக்கிறது. ஆனால் முதல் இரண்டு இரவுகள் அவன் அவளைத் தொடவில்லை. முதல் இரவு கழிந்த காலையிலேயே அவள் மணமான பெண்ணைப்போல் தலையில் துணி கட்டிக்கொண்டு, தன் நாட்டையும் கோட்டைகளையும் அவன் கையில் கொடுக்கிறாள். குந்தரின் மணவறையை வைத்துப் பார்த்தால் இந்த மென்மை வேறோர் உலகம்.

திருமண உறவு பகையைத் தீர்க்கும் என்று இக்காப்பியங்கள் நம்புகின்றனவா?

‘நிபெலுங்கென்லீட்’ நம்பவில்லை. எட்செலின் அரண்மனையில் கிரீம்ஹில்ட் தன் அண்ணன்மார்மீது பழிதீர்க்கும்போது, பெண் கேட்கப் போன இடத்தில் செய்த சத்தியத்தை நினைவூட்டி ரூடிகரைப் போருக்கு இழுக்கிறாள். எதிரில் நிற்பவர்களில் ஒருவன் அவர் மகளுக்கு நிச்சயிக்கப்பட்ட மருமகன். ஒரு திருமணத்துக்காகத் தந்த வாக்கு இன்னொரு திருமணத்தைக் கொல்கிறது. ரூடிகர் தாம் பரிசளித்த வாளாலேயே சாகிறார்.

‘குத்ரூன்’ நம்புகிறது, அதற்காக உழைக்கவும் செய்கிறது. வெற்றிக்குப் பின் நான்கு திருமணங்களைக் குத்ரூன் முன்னின்று நடத்துகிறாள். தன்னைக் கடத்திய ஹார்ட்மூட்டுக்குத் தன்னோடு சிறையிருந்த தோழி ஹில்டெபுர்கையும், தன் அண்ணன் ஓர்ட்வினுக்கு ஹார்ட்மூட்டின் தங்கை ஓர்ட்ரூனையும் பேசுகிறாள். ஓர்ட்வின் தயங்குகிறான்: அவள் தந்தையைக் கொன்றது நாம், என் அருகில் இருக்கும்போதெல்லாம் அவள் பெருமூச்சு விடுவாளே என்கிறான். அவள் பெருமூச்சு விடாதபடி நீ நடந்துகொள் என்கிறாள் குத்ரூன்.